கடலைப் பார்த்தால் முப்பத்தெட்டு

அத்தியாயம் 6

துணியைத் தூக்கினால் உள்ளே இஸ்திரிப் பெட்டி இருந்தது.

கட்டாத வீட்டுக்காரர் அதை மறுபடி மூடினார். இரண்டு விநாடி பொறுத்து மறுபடி தூக்கினார். அப்போதும் இஸ்திரிப் பெட்டிதான். அண்ணியும் நாத்தனாரும் வந்த பிறகு இது நான்காவது முறை.

"இன்னும் ஒரு தடவை மூடித் தெறந்தீங்கன்னா புறா பறக்கும் சார்," என்றாள் நாத்தனார்.

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு, கண்ணைத் திற என்று அதற்குப் பொருள். நாத்தனார் இரண்டாவதை மட்டும் செய்தாள்.

அண்ணி பன்னிரண்டு வருடம் சலவை நிலையம் நடத்தியவர். ஊரில் யார் எங்கே போனார், யாரோடு போனார், வீட்டில் என்ன பொய் சொன்னார் என்பதெல்லாம் சலவைக்கு வந்த சட்டைப் பைகளில் அவருக்குப் படிக்கக் கிடைத்தது. தொழில் படுத்தபோது பெயர்ப் பலகையில் 'சலவை'யை மட்டும் சுரண்டிவிட்டு 'துப்பறியும்' என்று எழுதச் சொன்னார். 'நிலையம்' அப்படியே இருந்தது. இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு பேர் அழுக்கு மூட்டையோடு வந்து நிற்பதுண்டு. அவருடைய கணவரின் தங்கை மின்சாமான் கடைக் கவுண்டரில் எட்டு வருடம் நின்றுவிட்டு, கால் வலிக்கிறது என்று இங்கே உதவியாளராக வந்து சேர்ந்தாள். வந்த நாள் முதல் அவளால் வலித்ததெல்லாம் மற்றவர்களின் காதுதான்.

கட்டாத வீட்டுக்காரர் என்பது நாத்தனார் வைத்த பெயர். அந்த மனிதர் இன்னும் எழும்பாத கட்டடங்களை எழும்பிவிட்டதுபோல் படமாக்கிக் காட்டுபவர். அஸ்திவாரமே தோண்டாத வீட்டின் சன்னலில் வெயில் விழும், திரைச்சீலை அசையும், மாடிப்படியில் யாரோ இறங்கி வருவார்கள். எல்லாம் அவர் லேப்டாப்பில் நடக்கும். ஆனால் லேப்டாப் தனியாக அதைச் செய்வதில்லை என்று அவர் கால் மணி நேரம் விளக்கினார். அண்ணியின் கண்கள் செருகத் தொடங்கவே, நாத்தனார் அதைச் சுருக்கினாள்.

"லேப்டாப்புக்கு மூளை இருக்கு அண்ணி, புஜம் இல்ல. அதனால மேசை கம்ப்யூட்டர்ல போடற பெரிய கிராபிக்ஸ் கார்டைத் தனிப் பெட்டியில வச்சு, ஒரே ஒரு ஒயரால லேப்டாப்போட சேர்த்திருக்கார். வீட்டோட மாப்பிள்ளைக்கு மாமனார் கை கொடுக்கற மாதிரி."

கட்டாத வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போனது. அவர்கள் நின்றிருந்தது அவருடைய மாமனாரின் வீடு.

காணாமல் போனது அந்தப் பெட்டிதான். இரண்டு செங்கல்லை நிறுத்திவைத்த அளவு. கார்டு, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கருவி, காற்றாடி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆறு நாளைக்கு முன்னால் அதிகாலையில் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூசு படாமல் துணியால் மூடிவிட்டுப் போனார். இன்று காலை திரும்பிவந்து துணியை எடுத்தால் இஸ்திரிப் பெட்டி.

நாளைக் காலை பத்து மணிக்குக் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியின் கட்டடக் குழு முன்னால் அவர் படத்தைக் காட்ட வேண்டும். மூலைகளே இல்லாத பள்ளி அது. சுவருக்குப் பின்னால் வருகிறவரின் காலடி கேட்காத பிள்ளைகளுக்கு, வருகிறவர் முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக நடைகளையெல்லாம் வளைத்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். காகிதத்தில் பார்த்த குழுவுக்கு அது பிடிபடவில்லை. நடந்து பார்த்தால்தான் புரியும், படம்தான் அவர்களை நடக்கவைக்கும். படமில்லாவிட்டால் குழு வேறொருவரின் சாதாரணக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடும்.

கார்டு இருந்தால் படம் தயாராகப் பதினெட்டு மணி நேரம் ஆகும். வெறும் லேப்டாப் என்றால் பதினொரு நாள். வேறு கார்டு வாங்கலாமே என்று நாத்தனார் கேட்டதற்கு, இந்த வகை கடையில் சொல்லிவைத்து வர மூன்று நாளாகும் என்றார். அப்போது மணி ஒன்பதரை. பிற்பகல் மூன்று மணிக்குள் பெட்டி கிடைத்தாக வேண்டும்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். பன்னிரண்டு வருடம் பிடித்த கை அது, பாம்பாட்டி பாம்பைப் பிடிப்பதுபோல் பயமில்லாமல் புரட்டியது. சூடு கூட்டிக் குறைக்கும் திருகு, மிகக் குறைந்த சூட்டுக்கும் கீழே இறக்கப்பட்டு, மேலே ஏறாதபடி ஒரு தீக்குச்சி செருகி நிறுத்தப்பட்டிருந்தது. அடித்தட்டில் வெள்ளையாகக் காய்ந்த ஒரு கறை. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணி, கஞ்சியா?"

"கஞ்சி இல்ல." அண்ணி பெட்டியைக் கீழே வைத்தார். "துணி தேய்க்கறவன் சூடு பத்தலன்னுதான் அழுவான். சூடு ஜாஸ்தியா இருக்குன்னு அழுதவன் துணி தேய்க்கல."

அடுத்து அவர் சுவரோரம் குனிந்தார். காணாமல் போன பெட்டியின் மின்கம்பி செருகியிருந்த துளைகளில் இப்போது கம்பி இல்லை. அதற்குப் பதிலாக மூன்று காகிதச் சுருள்கள், அளவெடுத்து மடித்து, கச்சிதமாக அடைத்திருந்தன.

"போற போக்கில ஓட்டையை அடைச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் நாத்தனார். "திருடனா இருந்தாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு."

அண்ணி சிரிக்கவில்லை. நாத்தனார் சொன்னதில் ஏதாவது உருப்படியாக இருந்தால் அவர் சிரிப்பதில்லை. நாத்தனாருக்கு அது தெரியும், ஆனால் எது உருப்படி என்பதுதான் தெரியவில்லை.

வீட்டில் யார் யார் என்று விசாரித்தார்கள். மனைவி மருத்துவமனையில் செவிலி, பகல் முறை, காலை ஏழுக்கே போய்விட்டார். கீழ்த்தளத்தில் மச்சினன், கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறவர், அதனால் வீட்டிலும் அவருக்குக் கிரேன் என்றே பெயர். மாடியறையில் மாமனார், ஆலைகளில் கொதிகலன் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது கட்டாத வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். ஊருக்குப் போன நாளிலிருந்து அவர் தன்னோடு பேசுவதில்லையாம். போன் செய்தால் எடுப்பதில்லை. இன்று காலை படியில் எதிர்ப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போய்விட்டாராம். காரணம் தெரியாதாம்.

"மாமனார் பேசாம இருக்கறதுக்காகச் சில பேர் நேர்த்திக்கடனே வைப்பாங்க சார்," என்று நாத்தனார் ஆறுதல் சொன்னாள்.

பிறகு அவள் கவுண்டர் அறிவை வெளியே எடுத்தாள். அந்தப் பெட்டி தனியாக இருந்தால் வெறும் இரும்பு. அதை எல்லா லேப்டாப்பிலும் மாட்ட முடியாது, மின்னல் கீற்று அடையாளம் போட்ட துளை உள்ள லேப்டாப்பில்தான் மாட்டலாம். திருடியவன் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றால் அவனிடம் அப்படி ஒன்று இருக்க வேண்டும். இந்த வீட்டில் வேறு யாரிடமாவது மின்னல் உண்டா?

கட்டாத வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் சிபாரிசு செய்து அதே வகை லேப்டாப் வாங்கிய இன்னொருவர் கிரேன்.

கிரேன் ஆறடி உயரம், கதவகலம். பாடப்புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய கிரேன் ஓட்டும் உரிமத்துக்கு அடுத்த வாரம் தேர்வு. நூற்றிருபது அடி உயரத்தில் தொட்டிலில் கிடப்பதுபோல் நிம்மதியாக உட்காருகிற மனிதருக்கு, மேசையில் வைத்த வினாத்தாளைக் கண்டால் தலை சுற்றுமாம். ஒரு கணினி விளையாட்டில் பைத்தியமாக இருந்தவர், தேர்வு முடியும்வரை தொடுவதில்லை என்று லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதை நாள்காட்டிக்குப் பின்னால் உள்ள ஆணியில் மாட்டினார். அந்த ஆணி வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அலமாரியைத் திறந்தார்கள். பை இருந்தது. பைக்குள் துண்டில் சுற்றி, லேப்டாப்பின் அதே நீள அகலத்தில், காய் நறுக்கும் பலகை இருந்தது.

கிரேன் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கட்டாத வீட்டுக்காரருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. நடிக்காதே, நீதான் எடுத்தாய், விளையாடத்தான் எடுத்தாய், எங்கே வைத்திருக்கிறாய் என்று பாய்ந்தார். கிரேன் ஒரு மாதமாகத் தொடவே இல்லை அத்தான் என்று சத்தியம் செய்தார். ஆனால் சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது. ஐந்து நாளாக விளையாட்டு நண்பர்கள் கும்பிடு போட்டுப் போட்டு எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், தேர்வுக்கு வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவந்ததாகச் சொன்னார்.

அந்த விளையாட்டின் கணக்கைப் போனிலும் பார்க்கலாம். பார்த்தார். அவருடைய வீரன் இந்த நிமிடம் விளையாட்டுக்குள் இருந்தான். நூற்றுப் பதினெட்டு மணி நேரமாக இருந்தான். கட்டாத வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி, இதோ சாட்சி என்று அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். கவசமும் வாளுமாக ஒரு வீரன், பாலத்தின் மேல், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி நாற்பது ஐம்பது வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முன்னால் விளக்கு வைத்திருந்தார்கள். நாலு நாளாக அசையாமல் நிற்கும் இவனைப் பார்த்து, ஏதோ பெரிய ஞானத்தைத் தேடுகிறான் என்று உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் விளையாட்டுக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். இப்போது வரிசை பாலத்தின் அந்தக் கோடிவரை போயிருந்தது.

"எத்தனை அடி நடந்தான்னு கணக்கு இருக்குமா?" என்று கேட்டார் அண்ணி.

இருந்தது. முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. அதற்குப் பிறகு பூஜ்யம்.

"இவர் எடுக்கல," என்றார் அண்ணி. "விளையாடறதுக்காகத் திருடறவன் விளையாடுவான். சாராயம் திருடினவன் பாட்டிலை வேடிக்கை பார்த்துட்டு உக்காந்திருக்க மாட்டான். இந்த ஆளுக்கு விளையாட்டு வேணாம். அது ஓடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். அதுவும் இந்தப் பொம்மை இதே எடத்துல, இதே பக்கம் பார்த்து நிக்கணும். ஏன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா அவனை அசைச்சா யாருக்கு வலிக்குதுன்னு பார்க்கலாம்."

கிரேனின் நண்பர்களில் பல் மருத்துவர் ஒருவர் இருந்தார், எந்த நாட்டுக்காரர் என்று கிரேனுக்கே தெரியாது. பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குகைக்குள் என் ஆளைத் தள்ளிக்கொண்டு போ என்று கிரேன் அவருக்குச் செய்தி அனுப்பினார். மருத்துவர் தயங்கினார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அடிக்க வருவார்கள் என்றார். கிரேன் கெஞ்சினார். நோயாளிகளை நாற்காலியில் அமுக்கிப் பழகிய கை என்பதால், கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அண்ணி எல்லோரையும் படிக்கட்டில் நிறுத்தினார். யாரும் மூச்சு விடக்கூடாது. வீடு முழுக்க நிசப்தம். தண்ணீர்க் குழாய் ஒன்று எங்கோ சொட்டியது. போன் திரையில் பல் மருத்துவரின் குண்டு வீரன் தோளைக் கொடுத்து, கூட்டம் தடுக்கத் தடுக்க, கடலைப் பார்த்து நின்றவனை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். குகை வாசல் வந்தது. இருட்டு வந்தது.

நாத்தனார் மனதுக்குள் எண்ணினாள். நாற்பத்தைந்து வந்தபோது, மேலே எங்கோ ஒரு முக்காலி கவிழும் ஓசை. பிறகு ஓடும் காலடி. பிறகு ஒரு கிழக் குரல்.

"எவன்டா அது, சும்மா நின்னுட்டிருந்தவனை இழுத்துட்டுப் போறது?"

"அப்பா," என்றார் கிரேன்.

மாடியறையின் கதவு திறந்தேதான் கிடந்தது. மாமனார் கிரேனின் லேப்டாப் முன்னால் குனிந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் விசைகளைக் குத்திக் குத்தி, வீரனைக் குகையிலிருந்து வெளியே நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்கால் முழ ஒயரின் மறுமுனையில், காணாமல் போன பெட்டி. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. அந்தக் காற்று படும் இடத்தில் ஒரு பிரம்புக் கூடை. கூடையில் ஈரத்துணி, மூன்று தெர்மாமீட்டர், ஒன்பது முட்டை.

"கதவைச் சாத்துங்க," என்றார் மாமனார், திரும்பாமலே. "காத்து வருது."

சாத்தினார்கள். அந்தக் குரலில் கதவைச் சாத்தாமல் இருக்க முடியாது.

வீரன் பாலத்துக்கு வந்து சேர்ந்து, கடல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்ற பிறகுதான் மாமனார் நிமிர்ந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் நேரத்தையும் சூட்டையும் பென்சிலால் எழுதினார். பிறகு விளக்கம் சொன்னார், மாப்பிள்ளைக்கு அல்ல, அண்ணிக்கு.

"முப்பத்திரண்டு வருஷம் கொதிகலன் பார்த்தேம்மா. இப்படி ஒரு டிகிரிகூட ஏறாம எறங்காம நின்ன சூட்டை நான் பார்த்ததில்ல. இவன் கடலைப் பார்த்தா முப்பத்தெட்டு. மலைப் பக்கம் திரும்பினா நாப்பத்திநாலு. குகைக்குள்ள போனா முப்பத்தொண்ணு, என் பிள்ளைங்க போயிடும்."

மலையில் ஆயிரம் மரம், ஒவ்வொரு இலையையும் கார்டு வரைந்தாக வேண்டும், அதனால் சூடு ஏறும். கடலில் நீலம்தான், வேலை கம்மி. குகையில் இருட்டு, வேலையே இல்லை. கட்டாத வீட்டுக்காரர் தன்னை மறந்து தலையாட்டினார். தொழில் அறிந்தவரின் தலை அது, எதிரி சொன்னாலும் சரியானதற்கு ஆடும்.

போன குளிரில் அப்பா தினமும் அத்தான் வேலை செய்யும்போது அந்தப் பெட்டிக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார், நான்தான் அத்தானிடம் கேட்டு அதை என் லேப்டாப்பில் ஒருநாள் மாட்டி விளையாடிக் காட்டினேன் என்று கிரேன் தலையைச் சொறிந்தார்.

"ஒரு பல்பு போதுமே ஐயா?" என்றார் அண்ணி.

"இப்ப வர்ற பல்பெல்லாம் வெளிச்சம்தான் கொடுக்குது, சூடு எங்க கொடுக்குது? மொத நாள் இஸ்திரிப் பெட்டியை வச்சுப் பார்த்தேன். எவ்வளவு குறைச்சும் அடங்கல. பதினொண்ணுல ரெண்டு வெந்துபோச்சு."

நாத்தனாருக்கு அப்போதுதான் அந்த வெள்ளைக் கறை புரிந்தது. காகிதச் சுருளும் புரிந்தது. கழற்றிய இடத்தை அடைக்காமல் விட்டால் ஆவி ஆளைக் கொல்லும் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவருக்கு, திருடும்போதுகூட ஓட்டையைத் திறந்துபோட்டுவிட்டு வரக் கை வரவில்லை. பெட்டிக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி, லேப்டாப்புக்குப் பதில் பலகை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா," என்றார் கட்டாத வீட்டுக்காரர். "நானே தூக்கிட்டு வந்து வச்சிருப்பேனே."

மாமனார் அண்ணியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"கொலைகாரன்கிட்ட போய்த் தொட்டில் இரவல் கேக்கச் சொல்றாரா, கேளும்மா."

கொலை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டதால், நாத்தனாருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. இந்த நிலையத்துக்கு இதுவரை கொலை வந்ததில்லை. தொலைந்த நாய், ஓடிப்போன வாடகைக்காரர், அவ்வளவுதான்.

கூடையில் முட்டை இருந்தது, அடைகாக்கும் தாயைக் காணோம்; வாசலில் மாப்பிள்ளையின் கார் நின்றது. அண்ணி கட்டாத வீட்டுக்காரரின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். ஆறு நாளைக்கு முன்னால், ஊருக்குப் போகக் காரைப் பின்னால் எடுத்தபோது என்ன நடந்தது என்று கேட்டார்.

அவர் தரையைப் பார்த்துப் பேசினார்.

"ரயிலுக்கு நேரமாச்சு. சக்கரத்துல ஏதோ ஏறி எறங்கின மாதிரி இருந்துச்சு. யாரோ செருப்பைப் போட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

"செருப்பு எங்கயாவது கத்துமா சார்?" என்றாள் நாத்தனார்.

வழக்கம்போல் வாயிலிருந்து தானாக விழுந்த வார்த்தைதான். ஆனால் விழுந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தவள், அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லையே என்று முதன்முறையாக வருத்தப்பட்டாள். அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதற்காகவே அவர் பார்க்காமல் போயிருந்தார்.

சக்கரத்தில் அகப்பட்டது ஒரு வாத்து, அதற்கு அம்மணி என்று பெயர். மூன்று வருடமாக மாமனாரின் குதிகாலை ஒட்டியே திரிந்தது. காலையில் அவரோடு வாசல்வரை போய், செய்தித்தாள் எடுத்துக்கொண்டு அவர் திரும்பும்போது திரும்பும். மொட்டைமாடித் தொட்டியோரம் பதினொரு முட்டையிட்டு இருபத்திரண்டு நாள் அடைகாத்தது. அன்று அதிகாலை கால் மணி நேரம் காலாற இறங்கிப் போனது.

கட்டாத வீட்டுக்காரர் கவிழ்ந்த முக்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகும் எண்ணமே அவரிடமிருந்து போய்விட்டது என்று நாத்தனாருக்குத் தெரிந்தது. முட்டை ஒன்றில் நேற்று மாலையிலிருந்து ஊசிமுனை விரிசல். இன்றோ நாளையோ பொரிந்துவிடும். இந்த நேரத்தில் சூடு நின்றால் இருபத்தெட்டு நாளும் பாழ். குழுவுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் சொன்னது ஒரு பள்ளிக்கூடத்தையே கைவிடும் பேச்சு. கிரேன் சுவரைப் பார்த்து நின்றார். மாமனாரும் கூடைக்குள் எதையோ சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் பள்ளியின் வரைபடத்தை அவரும் ஒரு மாதமாக மாப்பிள்ளையின் மேசையில் பார்த்தவர்தானே.

மணி பதினொன்றரை.

"உங்களுக்கு வேண்டியது படம்," என்றார் அண்ணி. "அவருக்கு வேண்டியது சூடு. கார்டுக்கு ரெண்டும் ஒரே வேலைதானே? பெட்டியை ஏன் கீழே கொண்டு போகணும்? உங்க லேப்டாப்பை மேல கொண்டு வாங்க."

இவ்வளவு எளிதான ஒன்றை மூன்று ஆண்கள் யோசிக்காததன் வெட்கம் அறையில் சிறிது நேரம் நின்றது.

மாமனார்தான் முதலில் மீண்டார். நாத்தனாரைக் கூப்பிட்டு, "அந்த ஆளைக் கேளும்மா, அவர் படம் எத்தனை டிகிரின்னு," என்றார்.

நாத்தனார் கேட்டாள். வெளியே வரும் காற்று ஐம்பதுக்கு மேல் போகும் என்று பதில் வந்தது. அதை அவள் இரண்டடி தள்ளி நின்ற மாமனாருக்கு மறுபடி சொன்னாள். அப்படியானால் கூடையைத் தள்ளி வைக்க வேண்டும், நடுவில் குழாய் போட்டுப் பக்கத்தில் துளைவிட்டுச் சூட்டைக் கழிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். கிரேன் ஓடிப்போய் ஐந்து காலணி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தார். மாமனார் அவற்றை வெட்டிக் கோத்து, துளைகளுக்கு மூடியும் செய்தார். அந்த அறை அப்போது ஒரு சின்ன ஆலைபோல் இருந்தது.

ஒரே சிக்கல், ஒயரை ஒரு லேப்டாப்பிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டிப் படத்தை ஓடவிடும்வரை சூடு இருக்காது. ஐந்தாறு நிமிடம் ஆகலாம். அண்ணி இஸ்திரிப் பெட்டியையும் நான்கு துண்டுகளையும் கொண்டுவரச் சொன்னார். தீக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார். துண்டைத் தேய்த்து, மடித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, இன்னும் மூன்று விநாடி ஆறவிட்டு முட்டைகளின் மேல் போர்த்தினார். ஆறும் முன்னால் அடுத்தது. மாமனார் சந்தேகத்தோடு உள்ளே தெர்மாமீட்டரைச் செருகினார். முப்பத்தெட்டு. அடுத்த துண்டுக்கும் முப்பத்தெட்டு. அவர் அண்ணியைப் பார்த்த பார்வையில், அத்தனை வருட உத்தியோகத்தில் எந்த மேலதிகாரிக்கும் கொடுக்காத மரியாதை இருந்தது.

ஒயரைப் பிடுங்கியபோது கிரேனின் வீரன் பாலத்திலிருந்து சட்டென்று மறைந்தான். அரை நிமிடத்தில் போன் கிடுகிடுத்தது. அவர் முக்தி அடைந்துவிட்டார் என்று ஐம்பது பேர் அழுதுகொண்டிருந்தார்கள். கிரேன் ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், நம்பிக்கையில் கைவைக்கக் கூடாது என்று நாத்தனார் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்குப் படம் ஓடத் தொடங்கியது. காற்றாடியின் சுருதி ஏறியது. அட்டைக் குழாய் வழியாகப் போன சூடு கூடையை அடைந்தபோது முப்பத்தேழரையில் நின்றது. மாமனார் கண்ணை மூடித் திறந்தார்.

மூன்று மணிக்குப் படத்தில் பள்ளியின் முதல் வளைந்த நடை முடிந்தது. அதே சமயம் கூடையில் முதல் ஓடு உடைந்தது. ஈரமாய், கோணலாய், கோபமாய் ஒரு தலை வெளியே வந்து அங்கும் இங்கும் ஆடியது. மாமனார் துளை மூடியைச் சரிசெய்ய அந்தப் பக்கம் போயிருந்தார். முக்காலியை விட்டு எழாமல் கூடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கட்டாத வீட்டுக்காரர். குஞ்சு அவரைத்தான் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு வந்தவையும் அவரையே பார்த்தன. இரவு முழுக்க அவர் அங்கிருந்து எழவில்லை. விடிவதற்குள் எட்டு பொரிந்திருந்தன. ஒன்பதாவது பொரியவில்லை. மாமனார் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கூடையிலேயே வைத்தார்.

காலை ஏழுக்குப் படம் முழுசாகத் தயாராக இருந்தது.

அண்ணியும் நாத்தனாரும் ஒன்பது மணிக்கு வந்தபோது வாசலில் கலவரம். கட்டாத வீட்டுக்காரர் குளித்து, நல்ல சட்டை போட்டு, லேப்டாப் பையோடு நின்றார். அவர் ஓரடி வைத்தால் மஞ்சள் பஞ்சுப் பொதிகள் எட்டும் தத்தித் தத்தி ஓரடி வைத்தன. அவர் கதவுக்குப் பின்னால் மறைந்தால் எட்டும் வாயைத் திறந்து ஊரைக் கூட்டின. மனைவி பெட்டியில் அடைத்துப் பார்த்துவிட்டார். கிரேன் தவிடு காட்டிப் பார்த்துவிட்டார். இந்த உலகத்தில் அவற்றுக்குத் தெரிந்த தாய் ஒருத்திதான், அவளுக்கு மீசை இருந்தது, பத்து மணிக்குக் கூட்டம் இருந்தது.

கட்டாத வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

படியில் நின்றிருந்த மாமனார் இறங்கி வந்தார். அவர் கையிலிருந்து சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். லேப்டாப் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஏழு நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"நடந்தே போலாம் மாப்பிள்ளை. நான் பின்னால வர்றேன். மெதுவாவே நடங்க, கடைசிக் குஞ்சுக்குக் கால் கொஞ்சம் வளைஞ்சிருக்கு."